மோனோபாட் கேட்டு வந்த திரவியம் அண்ணாச்சி

எங்கள் டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயசு. அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவரான திரவியம் அண்ணாச்சிக்கு ஐம்பத்தேழு. குரு சீடனைப் பார்த்து ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவது எங்கேயாவது உண்டா? எங்கள் கூட்டத்தில் உண்டு. யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

டீச்சர் பெயர் ஜெசிந்தா. ஒரு பத்திரிகைக்கு வருஷக்கணக்கில் விளையாட்டுப் படம் எடுத்தவர். மைதானம் மைதானமாக ஓடி முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டார். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போட்டோ எடுக்கப் படிக்க நாங்கள் கூடுவோம். சொல்லிக்கொடுத்தார் என்று சொன்னால் அது பொய். கேள்வி கேட்டால் பாதி நேரம் பதில் வராது, டீதான் வரும்.

திரவியம் அண்ணாச்சி ஏன் அங்கே வந்து உட்கார்ந்தார் என்பது எனக்குப் புரியாமலே இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். கபடிப் படத்துக்குப் பெரிய பரிசு வாங்கியவர். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கியிருக்க, அடியில் கிடக்கிறவனின் விரல் நுனி மட்டும் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்த வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கேமரா துளி ஆடினாலும் எல்லாம் குழம்பிப் போகும். குழம்பவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் ‘கல்லுக்கை திரவியம்’ என்றே பெயர்.

அந்தக் கல்லுக்கைக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் கேட்டார்.

“டீச்சர், ஒரு மோனோபாட் வாங்கணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது, உறுதியாவும் இருக்கணும். எதை வாங்கட்டும்?”

மோனோபாட் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கேமராவுக்கு அடியில் மாட்டித் தரையில் ஊன்றிக்கொள்கிற ஒற்றைக்கால் கம்பு. நீட்டலாம், குறுக்கலாம். மூன்று கால் ஸ்டாண்டு தானாக நிற்கும். இது நிற்காது, ஆள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய லென்ஸின் கனத்தை இது வாங்கிக்கொள்ளும், கை ஆடாது.

“எதுக்கு?” என்றார் டீச்சர்.

“வர்ற மாசம் எங்க ஊர்க் கபடிப் போட்டி. என்னையத்தான் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க.”

“கல்லுக்கைக்கு எதுக்கு அண்ணாச்சி கம்பு?” என்று நான் வாயைக் கொடுத்தேன். எனக்கு இந்த வாய் ஒன்று இருக்கிறதே, நேரம் காலம் தெரியாது.

“வயசாயிட்டுல்லா தம்பி. கை நடுங்குது.”

டீச்சர் மாடிப்படி மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பெயிண்ட் வாளி. இத்தனை வருஷத்தில் படிக்க வந்தவர்கள் விட்டுப்போன மோனோபாட்கள் எல்லாம் அதில் கிடந்தன.

“ஒண்ணை எடுங்க.”

அண்ணாச்சி பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்தார். எடுத்து நீட்டி, திருகிப் பூட்டி, கையால் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

“நல்லாத்தான் இருக்கு.”

“கையால அமுக்காதீங்க. உடம்பால அமுக்குங்க.”

அவர் இரண்டு கையையும் மேலே வைத்து, நெஞ்சைச் சாய்த்து முழுக்கனத்தையும் கொடுத்தார். கம்பு சர்ரென்று உள்ளே இறங்கியது. அவரும் அதோடு சேர்ந்து இறங்கி, நல்லவேளையாக என் மேல் வந்து முட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

“அடுத்தது” என்றார் டீச்சர்.

அடுத்தது ஒன்றுக்குள் ஒன்றாக அஞ்சு கணு வைத்தது. தூக்கினால் கனமே இல்லை. அண்ணாச்சி அடியில் இருந்த ஒல்லிக் கணுவை முதலில் இழுத்துவிட்டார்.

“தடியா இருக்கிறதை முதல்ல இழுங்க. ஒல்லி கடைசி. அதைத் தொடாமலே முடிஞ்சா ரொம்ப நல்லது.”

அதுவும் கேமராவை மாட்டியதும் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்ந்தது. படத்தில் மட்டும் தெரிந்தது.

மூன்றாவது ஒரு பழைய அலுமினியக் கம்பு. பெயிண்ட் உரிந்து கிடந்தது. மூன்று கணு, கிளிப் வைத்த பூட்டு, அடியில் தடித்த ரப்பர். அண்ணாச்சி நெஞ்சைக் கொடுத்து அமுக்கினார். அசையவில்லை. நான் அமுக்கினேன். அசையவில்லை. எங்கள் கூட்டத்திலேயே பெருத்த உடம்புக்காரர் ஒருத்தர் வந்து தொங்காத குறையாக அமுக்கினார். ம்ஹூம்.

“இது போதும். கடையில இதே மாதிரி கேளுங்க” என்றார் டீச்சர். “கணு குறைவா, பூட்டு வலுவா. உங்க கண் உயரத்துக்கு வந்தாப் போதும். அதுக்கு மேல நீளுறதுக்குக் காசு கொடுக்காதீங்க. கம்பெனி பேரு எதுவா இருந்தா என்ன? இந்த வாரம் இதையே கொண்டுபோங்க. எடுத்துப் பாருங்க.”

கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கம்பைத் திரும்பக் கொண்டுவந்து வாளியில் போட்டார்.

“சரியில்ல டீச்சர்.”

“இறங்கிச்சா?”

“இல்ல.”

“அதிர்ந்துச்சா?”

“இல்ல. உறுதியாத்தான் இருக்கு.”

“பிறகு?”

அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிடித்துத் திருகினார்.

“நான் உக்காரணும்னா அதைக் குறுக்கணும். எந்திரிக்கணும்னா நீட்டணும். அதுக்குள்ள பாடிப் போனவன் ரெய்டு முடிஞ்சிருது. அது போகட்டும், பழகிக்கிடலாம். இன்னொண்ணு இருக்கு டீச்சர்… எப்படிச் சொல்ல? நான் மூச்சைப் பிடிச்சா அதுவும் பிடிக்கணும்.”

கம்பு மூச்சைப் பிடிக்கணுமாம்! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் கூடுதலாகச் சிரித்திருப்பேன்.

டீச்சர் சிரிக்கவில்லை.

“இதுக்கு முன்னால எதுல வச்சு எடுத்தீங்க அண்ணாச்சி?”

“கையிலதான்.”

“அந்தக் கோட்டைத் தொட்ட படமும்?”

“கையிலதான் டீச்சர். அதான் ஊருக்கே தெரியுமே.”

“சரி” என்றார் டீச்சர். டீ வந்தது.

அதற்கடுத்த வாரம் எங்களைப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார். பெண் பிள்ளைகள் கபடி பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன்னுடைய பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். அது ஒரு பச்சைப்பிள்ளை கனம் இருக்கும்.

“அண்ணாச்சி, நான் கம்பைக் கொண்டுவரலை. கொஞ்சம் எனக்கு முன்னால நில்லுங்க. துண்டை மடிச்சு வலது தோள்ல போட்டுக்கோங்க.”

அண்ணாச்சியின் முகம் மாறியது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். டீச்சர் அவர் பின்னால் நின்று லென்ஸை அவர் தோளில் வைத்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நின்றார்.

“கொஞ்சம் குனிங்க.”

குனிந்தார்.

“அப்படியே உக்காருங்க.”

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டீச்சர் தேய்ந்த முழங்காலை மண்ணில் ஊன்றிப் பின்னால் உட்கார்ந்தார். ஐம்பத்தேழு வயசுக்காரரை இப்படிப் படுத்துவதா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேமரா ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இடது பக்கம் ஓடினார்கள். வெளியே நின்ற பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். என்ன நடந்தது என்று பார்க்க அண்ணாச்சி தலையைத் திருப்பினார்.

“திரும்பாதீங்க. படம் ஆடிரும்.”

அவர் அப்படியே உறைந்துவிட்டார். கழுத்தில் வேர்வை வழிந்தது. ஒரு எறும்பு காதோரம் ஏறியது. தட்டிவிடவில்லை.

நெடுநேரம் கழித்து டீச்சர் மூச்சை விடுவது கேட்டது.

“படம் விழுந்துச்சா டீச்சர்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

டீச்சர் பதில் சொல்லவில்லை. அடுத்த ரெய்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழுந்துச்சா?”

பதில் இல்லை.

லென்ஸ் தோளில் இருக்கும்போதே அண்ணாச்சி அழுதுவிட்டார். அப்பாவிடம் அடி வாங்கிய பிள்ளை மாதிரி, சத்தம் வெளியே வராமல், தோள் குலுங்க அழுதார். டீச்சர் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் ஓடிப்போனோம். “ஐயோ, நெஞ்சு வலியா? தண்ணி கொண்டாங்க!” என்று நான் கத்தினேன்.

“வலி ஒண்ணும் இல்ல தம்பி. உக்காருங்க” என்றார் அண்ணாச்சி. பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கையில எடுக்கல டீச்சர். ஒரு படம்கூடக் கையில எடுக்கல.”

“யார் தோள்?”

“கொம்பையா. என் வீட்டுக்காரி தம்பி. என் மச்சினன்.”

“எத்தனை நாளா?”

“எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து. நான் மைதானத்துக்குக் கிளம்புனா அவன் துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பான். நிக்கச் சொன்னா நிப்பான், உக்காரச் சொன்னா உக்காருவான். வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். நான் மூச்சைப் பிடிச்சா அவனும் பிடிப்பான். முதுகுக்குப் பின்னால இருக்கிறவன் மூச்சைப் பிடிக்கிறது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரியும். செலவுன்னு பாத்தா ஒரு டீ, ரெண்டு பரோட்டா.”

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“ஊர்க் கண்ணு பூரா ஆட்டத்து மேல, எங்களை யாரு கவனிச்சா? கோடு பக்கம்தான் அவன் முகம் இருக்கும். ஆனா ஆட்டம் நகர்ற பக்கம் பாக்க முடியாது. திரும்புனா ஆடிரும்லா? கீழ பாத்தபடி நிப்பான். கிளிக் சத்தம் ஓய்ஞ்சதும் கேப்பான், ‘விழுந்துச்சா அத்தான்?’னு. நான் பதில் சொல்ல மாட்டேன். அடுத்ததைப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை கேட்டான், ‘அத்தான், அந்த ஓட்டை வழியா நானும் ஒருவாட்டி பாக்கட்டுமா?’ன்னு. இப்ப நேரம் இல்லலே, பிறகு பாக்கலாம்னு சொன்னேன்.”

“பார்த்தாரா?”

“எங்க?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரிசு கொடுத்தாங்கல்லா. கொம்பையா புதுச் சட்டை எடுத்துப் போட்டு முதல் வரிசையில உக்காந்திருந்தான். மேடையில மைக்கைக் கொடுத்துக் கேட்டாங்க, அந்த மங்குன வெளிச்சத்துல எப்படி ஆடாம எடுத்தீங்கன்னு. நான் அவனைப் பாத்தேன் டீச்சர். பாத்துக்கிட்டே சொன்னேன், என் கை கல்லு மாதிரின்னு.”

“ம்.”

“எல்லாரும் கை தட்டினாங்க. அவனும் தட்டினான்.”

மைதானத்தில் பிள்ளைகள் இடைவேளைக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி தொடர்ந்தார்.

“அதுக்கப்புறம் அவன் மைதானத்துக்கு வரல. கூப்பிட்டா ‘வேலை இருக்கு அத்தான்’ம்பான். சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. நல்லது கெட்டதுக்கு வருவான், சாப்பிடுவான், அக்காகிட்ட சிரிச்சுப் பேசுவான். கேமராப் பையை மட்டும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். என் படம் எல்லாம் ஆட ஆரம்பிச்சிட்டு. வயசுன்னு ஊரை நம்ப வச்சேன். போன மாசியில அவனுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

“அதுக்கப்புறம்தான் இங்க வந்தீங்க.”

“ஆமா.”

டீச்சர் லென்ஸுக்கு மூடி போட்டார்.

“கேக்கவேண்டியதை இன்னும் கேக்கலை நீங்க” என்றார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“கொம்பையாவுக்கு ஒரு பொண்ணு. சுபா. காலேஜ்ல படிக்கா. வர்ற மாசம் அவனுக்கு முதல் தெவசம். போன வாரம் ஸ்டுடியோவுக்கு வந்து நின்னா. ‘மாமா, அப்பா உங்ககூட மைதானத்துல நின்ன படம் ஒண்ணு வேணும்’னா. நான் எதுக்கு அதுன்னு கேட்டேன். அவ சொல்லுதா, ‘மாமா எடுத்த படத்துல பாதி என் தோள்தான்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. டீக்கடையில எல்லாரும் கேலி பண்ணுவாங்க, கல்லுக்கைக்காரருக்கு உன் தோள் எதுக்குடான்னு. நான்கூட நம்பல மாமா. அளக்காதீங்கப்பான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. நெசம்தான்னு தெரிஞ்சா அந்தப் படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டுக்குவேன்.’ அப்படின்னு அழுதா டீச்சர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தேடிப் பாக்கேன்னு சொன்னேன். அப்பவும் உண்மையைச் சொல்ல வாய் வரல.”

“தேடினீங்களா?”

“எல்லாத்தையும் தேடிட்டேன். கல்யாண வீட்டுப் படம், காதுகுத்துப் படம் எல்லாம் இருக்கு. மைதானத்துல அவன் நின்ன படம் ஒண்ணுகூட இல்ல. எப்படி இருக்கும்? அவன் மேல வச்சுத்தானே எல்லாத்தையும் எடுத்தேன்!” திடீரென்று ஏதோ நினைத்தவராக டீச்சரைப் பார்த்தார். “பரிசு வாங்கின அந்தப் படத்தை எடுத்த போட்டிக்கு நீங்களும் பத்திரிகையில இருந்து வந்திருந்தீங்கல்லா? எங்களைப் பாத்திருப்பீங்கல்லா? ஒரு படம் தட்டியிருக்க மாட்டீங்களா?”

“பார்த்தேன். அதான் இன்னிக்கு உங்களை நிக்கச் சொன்னேன்.”

“படம்?”

“இல்ல அண்ணாச்சி. நானும் கோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

டீச்சர் அதைச் சொன்னபோது குரல் தழைந்திருந்தது. அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம் ஒன்று சொன்னார். “அந்தப் பரிசுப் படத்தை அடுத்த வாரம் கொண்டாங்க. சுவர்ல மாட்டியிருப்பீங்கல்லா, அதைத்தான்.”

கொண்டுவந்தார். கண்ணாடி போட்டுத் தேக்குச் சட்டம் அடித்து, பிள்ளையைத் தூக்கி வருவது போல மாடிக்குத் தூக்கி வந்தார். டீச்சர் அதை மடியில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் படம் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?”

“அப்படியா?”

“மேல இவ்வளவு இடம் விட்டிருக்கீங்க. கீழ விரலை ஒட்டி வெட்டியிருக்கீங்க. இடது பக்கமும் ஒட்ட வெட்டு. இப்படி வெட்டுற ஆள் இல்லையே நீங்க?”

“அது… கீழ் மூலையில ஒரு கருப்பு விழுந்திருந்துச்சு டீச்சர். படத்தைப் போட்டிக்கு அனுப்புறப்ப அழுக்கு மாதிரி தெரிஞ்சுது. அதான்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கை சட்டத்தைப் பிடித்தபடி இருந்தது. விரல் அந்தக் கீழ் மூலைக்குப் போய் நின்றது.

“எல்லாப் படத்துலயும் விழுமா?” என்று கேட்டார் டீச்சர்.

“விழும்.”

“எல்லாத்துலயும் வெட்டினீங்களா?”

“வெட்டினேன்.”

அண்ணாச்சி அன்றைக்கு டீயைத் தொடவில்லை. சட்டத்தை எங்கள் நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

நான் அந்த வாரம் முழுக்க எரிச்சலாக இருந்தேன். யார் மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. கொம்பையாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய ஒரு மனுஷனின் புதுச் சட்டை மனசை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் பழுப்பு உறை ஒன்று. யாரிடமும் பேசாமல் நேராக டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்து உறையைப் பிரித்தார்.

அதே படம்தான். ஆனால் வெட்டாத படம். கேமராவில் விழுந்தது விழுந்தபடி, முழுசாக அச்சடித்திருந்தார். அதே ஏழு பேர், அதே விரல், அதே கோடு. இடது கீழ் மூலையில் மட்டும் கருப்பாக ஒரு மங்கல். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உற்றுப் பார்த்தபோது அது ஒரு காதின் வளைவு என்று தெரிந்தது. அதற்குக் கீழே துண்டின் வெளுத்த மடிப்பு. காதின் அடி மடலில் சிவப்பாக ஒரு பொட்டு.

“அது என்ன சிவப்பு?” என்றேன்.

“கடுக்கன். சிவப்புக் கல்லு. சின்ன வயசுல குலதெய்வத்துக்கு நேர்ந்து போட்டது. கடைசி வரைக்கும் கழட்டல. அவங்க வீட்டுல அதை எடுத்துச் சாமி படத்துக்கிட்ட வச்சிருக்காங்க.”

படம் கை மாறிக் கை மாறி எல்லோரிடமும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அண்ணாச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு படம் இல்ல டீச்சர். எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். எல்லா மைதானத்துலயும் இருக்கான். ஒவ்வொண்ணுலயும் இந்த மூலையில இருக்கான். நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா வெட்டியிருக்கேன். பாவி! கண்ணு குருடாப் போச்சா எனக்கு?”

டீச்சர் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ஆனா இதை எப்படி அந்தப் பிள்ளைகிட்ட கொடுக்க? முகமே இல்லையே.”

“அந்தப் பிள்ளை என்ன கேட்டுச்சு?”

“அப்பா என்கூட மைதானத்துல நின்ன படம் கேட்டா.”

“இது என்ன?”

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். அந்தச் சிவப்புப் பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். உடனே அச்சில் கைபட்டுவிடும் என்று எடுத்துக்கொண்டார்.

“அந்தக் கடுக்கனை அவளுக்குத் தெரியும். பாத்ததும் தெரிஞ்சிரும்.”

“அப்புறம் என்ன?”

“பயமா இருக்கு டீச்சர்.”

எங்களில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பத்தேழு வயசு மனுஷர் பயமாக இருக்கிறது என்று சொல்லும்போது எங்கே பார்ப்பது?

“தெவசத்தன்னிக்கு அங்க ஊரே இருக்கும். என் வீட்டுக்காரி இருப்பா. அந்த டீக்கடைக்காரங்களும் இருப்பாங்க. எல்லாரும் இதைப் பாப்பாங்க. கல்லுக்கைன்னு சொன்னது பொய்யான்னு கேப்பாங்க. கேக்கட்டும், அது போகுது. அந்தப் பிள்ளை கேப்பாளே டீச்சர்! எங்கப்பாவை ஏன் மாமா வெட்டினீங்கன்னு கேப்பாளே. அவங்க உயிரோட இருக்கும்போதே இதைக் காட்டியிருந்தா நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனேன்னு கேப்பாளே. நான் என்ன பதில் சொல்ல?”

டீச்சர் எழுந்து மாடிப்படி மூலைக்குப் போனார். பெயிண்ட் வாளியில் கிடந்த அந்தப் பழைய அலுமினியக் கம்பை எடுப்பார், ‘இதைக் கொண்டுபோங்க’ என்று அண்ணாச்சி கையில் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். அவர் வாளியைத் தாண்டிப் போய், அங்கே சாய்த்து வைத்திருந்த பரிசுப் படத்தைத் தூக்கி வந்தார். சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை நகத்தால் நெம்பினார். வெட்டிய படத்தை உருவி வெளியே வைத்தார். முழுப் படம் அந்தச் சட்டத்துக்குப் பெரிசு. கீழேயும் இடது பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“வேற சட்டம் போடணும்” என்றார்.

“போடுதேன்.”

“பெரிசா.”

“சரி டீச்சர்.”

அண்ணாச்சி படத்தை உறைக்குள் வைத்தார். எழுந்து மாடிப்படி வரை போனவர் திரும்பினார். உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“அவ கேட்டா என்ன சொல்லன்னு நீங்க சொல்லலையே டீச்சர்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. அவ கேக்கட்டும். கேட்டு முடிக்கிற வரைக்கும் ஆடாம நில்லுங்க.”